இஸ்திரிப் பாட்டு

...காலரை முதலில் தேய்க்க வேண்டும், பிறகு கைகள், முதுகு கடைசியில், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, யோசிக்க வேண்டியது வேறு, பதினோரு மணிக்கு நூபியா வந்துவிடுவாள். விட்டுப்போன புருஷன் கில்தார்தோவின் தங்கை. திங்களன்று மருத்துவமனையிலிருந்து அவனை அனுப்பிவிடுகிறார்களாம், வலது கை கால் விழுந்துவிட்டது, பெரேய்ராவில் ஒன்பது வருடமாக அவனோடு இருந்தவள் கையை விரித்துவிட்டாள், அதனால் அண்ணி, நீங்கதான்... ஃப்ளோர் அல்பா துணியில் தண்ணீர் தெளித்தாள். சரி என்பதா, முடியாது என்பதா. இரண்டில் ஒன்று. இதற்கா மூன்று இரவு தூக்கம் போனது? வானொலியில் ரெஹினா பாடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் மனிசாலெஸில் எந்த வீட்டு ஜன்னலிலும் இவள் குரல்தான். இஸ்திரிப் பாட்டு என்று ஊரே கேலி செய்யும், வேலைக்காரிகள் எசமானர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டு அழுத பாட்டாம், இப்போது அந்த எசமானர்களின் பேரப்பிள்ளைகள் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போய்க் கூடவே கத்துகிறார்கள், கத்தட்டும்... ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது இவளுக்குப் பதினான்கு வயது. எந்த ஆணும் கையைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் துரோகம் செய்தவனை எப்படி வெளியே அனுப்புவதென்று அதற்குள் மனப்பாடம். யாருக்காக அழுதாள் அப்போது? யாருமில்லை. கண்ணீர் மட்டும் சரியான இடத்தில் வந்தது.

அதனால்தானே அப்படி ஆயிற்று. கில்தார்தோ கிளம்பிய அன்று துணிப்பெட்டியோடு சமையலறையில் நின்றான், இவள் எத்தனையோ வருடம் ஒத்திகை பார்த்த கோபத்தோடு நிமிர்ந்து, போ, உன் நிழலையும் எடுத்துக்கொண்டு போ என்றாள். ரெஹினாவின் வரி. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது. அவன் ஒரு கணம் பார்த்தான், பிறகு அந்தப் பாவி, பெட்டியில் விரலால் தாளம் தட்டி அடுத்த வரியை முணுமுணுத்தான், இருட்டில் எனக்கு நிழல் எதற்கு என்று, சுருதி பிசகாமல். அதோடு விட்டாளா? மூன்றாவது வரியில் இவள் குரலும் போய்ச் சேர்ந்துகொண்டதே, இரண்டாம் குரலாக, யாரும் கூப்பிடாமலே... "குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். ஒன்பது வருடம். இதை யாரிடம் சொல்ல முடியும், புருஷன் விட்டுப்போன அன்று அவனோடு சேர்ந்து பாடினேன் என்று?

வாசல் மணி அடித்தது. நூபியா கையில் சூடான சீஸ் ரொட்டிப் பொட்டலம், மூச்சு வாங்கியது. "உங்க மூணு மாடி ஏறி முடிக்கறதுக்குள்ள எனக்கும் கை கால் விழுந்துடும் அண்ணி."

"அப்போ உங்கண்ணனை எப்படி ஏத்துவே?"

"அப்படின்னா சரிங்கறீங்களா?"

"படியைப் பத்திக் கேட்டேன்."

நூபியா ரொட்டியைப் பிய்த்தாள், தின்னவில்லை. "அண்ணனுக்குப் பேச்சு சுத்தமா போயிடுச்சு. தண்ணின்னு கேக்கக்கூட வாய் வரலை. ஆனா பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோ போட்டா வரி விடாம பாடறாரு. வார்த்தை போனாலும் பாட்டு தங்குமாம், டாக்டர் சொல்றாரு. நர்ஸுங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு."

ஃப்ளோர் அல்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அப்படியானால் என்றாவது கேட்கலாம் என்று வைத்திருந்தது... ஏன் போனாய் என்று கேட்டால் இனி அவனிடம் பதில் என்ன இருக்கும்? யாரோ எழுதிய ஒரு பல்லவி. இவள்தான் என்ன வைத்திருக்கிறாள், போகச் சொல்லத் தெரியும், கெஞ்சத் தெரியும், சாபம் கொடுக்கத் தெரியும், எல்லாம் ராகத்தோடு... படுத்தவனின் வாயைத் துடைத்துவிடுவதற்கு எந்தப் பாட்டும் இல்லை. வானொலியை அணைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. வேணாம்னாலும் சொல்லிடுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்."

"அலுப்பா இருக்கு, நூபியா."

சொன்ன பிறகு தனக்குள் தேடினாள். கோபம் அங்கேதான் இருக்குமென்று இத்தனை வருடம் திறந்துகூடப் பார்க்கவில்லை, இப்போது பார்த்தால் ஒன்றுமில்லை, அலுப்பு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. நூபியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுப்பு என்றால் மறுப்பா? ஃப்ளோர் அல்பாவுக்கும் அது தெரியவில்லை.