தலையசைந்தால் கலையும் எழுத்து

மார்ச் 11, செவ்வாய். தவறு: அண்ணனை ஆறு நாளும் நாற்காலியில் உட்கார வைத்தே சோதித்திருக்கிறேன். ‘பார்வையில் குறையில்லை’ என்று எழுதியதும் நான்தான்.

மாலை வகுப்பு முடிந்து திரும்பும் பேருந்தின் குலுக்கலில் அவள் எழுத்து கோணிக்கொண்டு போனது. ‘நான்தான்’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். இருக்கட்டும் என்று நோட்டை மூடினாள்.

அண்ணன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். காய்ச்சலில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து தெருவில் எதிரே வருகிறவர்களை அவன் கண்டுகொள்வதில்லை. “உங்க வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு” என்று பக்கத்து வீட்டம்மா அண்ணியிடமே சொல்லிவிட்டாள். கண்ணில்தான் கோளாறோ என்று அண்ணி பயந்தாள். கண்ணையும் மூளையையும் பற்றி மாலை வகுப்பில் படிக்கிற நாத்தனார், அதாவது இவள், வீட்டிலேயே இருந்தாள். சுவரில் எழுத்து அட்டையை ஒட்டி, தூரத்தை அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தினமும் காலை ஏழு மணிக்கு அவனைச் சோதித்தாள். கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். அவளுடைய அட்டவணையை நம்பித்தான் அண்ணி மேற்பார்வையாளருக்கு ஃபோன் போட்டாள். நாளை கிடங்கில் கண் பரிசோதனை. தேறினால் அன்றே வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

இன்று வகுப்பில் ஆசிரியை ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி படிக்கச் சொன்னார். எல்லோராலும் முடிந்தது. பிறகு தலையை அசைக்காமல் வைத்து, தாளை ஆட்டச் சொன்னார். எழுத்தெல்லாம் கலங்கிப்போனது. தலை அசைந்ததும் காதுக்குள் இருக்கும் உறுப்பு மூளைக்குச் சொல்லிவிடும், கண் அந்த நொடியே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும், அதனால்தான் நடக்கும்போது நமக்கு உலகம் குலுங்குவதில்லை என்றார். கடுங்காய்ச்சலிலோ அதற்குத் தரும் சில மருந்துகளாலோ அந்த உறுப்பு பழுதானால் கண்ணாடி உதவாது, பயிற்சியில் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். தெருவில் நடக்கும்போது ஆட்களைக் கண்டுகொள்ளாத அண்ணன் அவள் நினைவுக்கு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையைக் காட்டினாள்.

“அண்ணா, தலையை ஆட்டிக்கிட்டே படி.”

“தலையாட்ட நான் என்ன புது மாப்பிள்ளையா?”

“விளையாடாதேண்ணா. ஆட்டு.”

ஆட்டினான். சிரிப்பு நின்றது. முதல் வரியில் உள்ள பெரிய எழுத்தைக்கூட அவனால் சொல்ல முடியவில்லை.

“எல்லாம் குதிக்குது.”

“நடக்கும்போதும் இப்படித்தானா?”

“ஆமா. நின்னு பாத்தா சரியாயிடும். உடம்பு தேறினா போயிடும்னு நெனச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையே, டாக்டரம்மா.”

கேலியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

“நீயே சரின்னு எழுதிக் குடுத்தே, இப்ப நீயே இல்லேங்கிறியே!” என்றாள் அண்ணி. “கண்ணாடி போட்டா ஆகாதா?”

“கண்ணுல ஒண்ணும் இல்ல, அண்ணி. காதுக்குள்ளதான் பழுது.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கும் உக்கார வச்சுத்தான் பாப்பாங்க. நான் பாஸாயிடுவேன். நீ வாயைத் தொறக்காதே. பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.”

“அங்க தரை சமமா இருக்குமாண்ணா?”

“மூணாவது வரிசையில வெடிச்சிருக்கு. வண்டி குலுங்கும்.”

“அங்க யாரு நிப்பாங்க?”

“பெட்டி ஒட்டுறவங்க. ரெண்டு பேரு.”

சொல்லிவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை அசையவில்லை. கடைசி வரிவரை அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தங்கை மேசை முன் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, இம்முறை கோணாமல் எழுதினாள்.

நாளை: காலை ஒன்பது மணிக்கு அண்ணனோடு கிடங்குக்குப் போக வேண்டும். தலையை ஆட்டியபடி ஒரு வரி படிக்கச் சொல்லும்படி பரிசோதிப்பவரிடம் கேட்க வேண்டும்.