கண்ணாடி அறை நாற்காலிகள்

விசாலாட்சி எழுந்து நின்று நாற்காலியின் நெம்புகோலை இழுத்தாள். இருக்கை மேலே வந்தது. உட்கார்ந்ததும் 'புஸ்' என்று அடிவரை இறங்கியது. முழங்கை மறுபடி மேசைக்குக் கீழே போய்விட்டது. தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய வேண்டும்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மாடியில் இயங்கும் அந்தச் சரக்கு நிறுவனத்தில், பெட்டி விவரங்களைக் கணினியில் பதிவது அவள் வேலை. சில வாரங்களாக வலது கைச் சுண்டுவிரல் மரத்திருந்தது. முதலில் நாற்காலியை மாற்றச் சொன்னார் பலதுறை மருந்தக மருத்துவர்.

"பட்ஜெட் இல்ல லா அக்கா" என்றான் சூப்பர்வைசர் ஜூலியஸ். "டாக்டர்கிட்ட இன்னொரு எம்சி வாங்கி லீவு எடுத்தீங்கன்னா கான்ட்ராக்ட் ரினியூ ஆகாது."

வாடிக்கையாளர்களுக்கான கண்ணாடி அறையில் ஆறு புது நாற்காலிகள் இருந்தன. யாரும் வருவதில்லை; பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இன்று காலை விசாலாட்சி அவற்றில் ஒன்றை உருட்டி வந்து உறையை உரித்தாள். உட்கார்ந்தாள். நாற்காலி இறங்கவில்லை. மதியம்வரை தோள் தோளாகவே இருந்தது.

சாப்பிடக் கிளம்பும்போது, இருக்கையின் நடுவில் டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்தாள்.

பக்கத்து மேசை லொரைன் சிரித்தாள். "சாப்பாட்டுக் கடையில இடம் பிடிக்கிற மாதிரி ஆபீஸ்லயே சோப் பண்றீங்களா அக்கா?"

"டிஷ்யூ இருந்தா சிங்கப்பூர்ல எவனும் தொடமாட்டான். இவன் தொடுறானான்னு பாப்போம்."

தேக்கா உணவுக்கடையிலிருந்து திரும்பியபோது பழைய நாற்காலிதான் இருந்தது. அதன்மேல் டிஷ்யூ பாக்கெட்.

"பசியோட தட்டை ஏந்திக்கிட்டு நிக்கிறவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்க லா" என்றாள் லொரைன், எல்லாருக்கும் கேட்கும்படி.

விசாலாட்சி பழைய நாற்காலியை நடைவழிக்குத் தள்ளினாள். மேசைமேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, விசைப்பலகையை அவற்றின்மேல் வைத்து, நின்றபடி தட்டினாள்.

ஜூலியஸ் வேகமாக வந்தான். "உட்காருங்கக்கா. பார்க்க நல்லால்ல."

"உட்கார்ந்தா கை போகுது. கை போனா என்னைய அனுப்பிடுவீங்க. நின்னே செய்றேன்."

"வார்னிங் லெட்டர் குடுப்பேன்."

"குடுங்க. நாற்காலி கேட்டதுக்குன்னு தெளிவா எழுதுங்க. எம்ஓஎம்ல, மனிதவள அமைச்சுல காட்டணும்."

லொரைன் எழுந்து தன் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். மூலையிலிருந்த ஜெய்யும் எழுந்தான். சற்று நேரத்தில் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை.

ஜூலியஸ் சாவியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறையைப் பூட்டப் போனான். பூட்டு கதவின் அடியில், தரையோடு இருந்தது. குனிந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். ஒரு கை கைப்பிடியைப் பற்றியது. சட்டை மேலேறி, இடுப்பைச் சுற்றி இறுக்கியிருந்த முதுகுப்பட்டை தெரிந்தது. அவனால் நிமிர முடியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

"ஜூலியஸ், உள்ள போய் ஒண்ணுல உட்காருங்க" என்றாள் விசாலாட்சி.

"அது கிளையண்டுக்கு" என்றான் அவன், குனிந்தபடியே.

உள்ளே குளிர்சாதனக் காற்றில் பிளாஸ்டிக் உறைகள் சலசலத்துக்கொண்டிருந்தன.