தம்பி சொன்ன கணிப்பு

வாமதேவனுக்குத் தம்பி துஷாந்தனின் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அரசறிவியல் விரிவுரையாளராம்! பன்னிரண்டு வருடமாக ஆய்விதழ்களில் எழுதிக் குவித்தான், நாய்கூடச் சீந்தவில்லை. பிறகு வலைப்பதிவு ஒன்றைத் தொடங்கி, எந்தத் தேர்தலில் யார் மண்ணைக் கவ்வுவார் என்று முன்கூட்டியே எழுத ஆரம்பித்தான். ஐந்து முறை பலித்தது. டிவிக்காரர் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகமும் பேராசிரியர் பதவிக்கு அவனைப் பார்க்கத் தொடங்கியது. ஆறாவதாக அவன் கைவைத்தது சொந்த அண்ணன் தலையில்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் கவுன்சில் இடைத்தேர்தல். மளிகைக் கடைக்காரரான வாமதேவன் சுயேச்சையாக நின்று, மூன்று மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது துஷாந்தன் எழுதினான்: 'வாமதேவன் தோற்பது உறுதி.'

"உந்தப் பதிவை எடடா!" என்று போனில் கத்தினார்.

"ஏலாது அண்ணை. தரவு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுதுவன்."

"உன்னை லண்டனுக்குக் கூப்பிட்டுப் படிப்பிச்சவன் நான்."

"அது வேறை, இது வேறை."

வாமதேவன் போனை வைத்தார்.

வாக்களிப்பு நாளான வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. வாக்குப் போட வரச் சொல்லி ஒவ்வொருவராக அழைத்தார். கடைக்கு நாள் தவறாமல் வரும் றஜீவன்கூட இழுத்தான். "உங்கட தம்பியே எழுதிப்போட்டார். படிச்ச மனுசன். பிறகேன் மழைக்குள்ளை போகவேணும்?" அன்று முழுக்க இதே பதில்தான்.

ஒன்பது வாக்கில் தோற்றார்.

மறுநாள் காலை நேரே தம்பி வீட்டுக்குப் போனார். இரண்டு தெரு தள்ளி, அதே தொகுதி. துஷாந்தன் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தான். 'ஆறாவது முறையும் சரி' என்பது தலைப்பு. முகத்தில் வெட்கமில்லாத சந்தோஷம்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. நான் முதலே சொன்னனான்தானே."

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் வாமதேவன் ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ வாக்குப் போட்டனியோ?"

துஷாந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இல்லை அண்ணை. எப்பிடியும் நீங்கள் தோற்கப்போறியள் எண்டு..."

"உன்ரை பெண்சாதி ஜெனோஜா?"

"அவளையும் நான்தான் மறிச்சனான். சரியான மழை."

"அதையும் உதிலை எழுது" என்றார் வாமதேவன்.

துஷாந்தன் மடிக்கணினியை மூடினான்.