சேதுவின் கண்ணும் ஒரு பெப்டைடும்

அண்ணன் சேதுவின் பார்வை மங்கத் தொடங்கியபோது புஷ்பவள்ளி கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவி. சேது கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதலில் பொழுது சாய்ந்தால் பாதை தெரியாமல் போனது. பிறகு பகலிலும் குழாய்க்குள் பார்ப்பதுபோல் பார்வை சுருங்கியது. பரம்பரை நோய், மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அவள் ஆராய்ந்தது விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் புரதத்தை. செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் புதைந்திருக்கும் அது எப்படி மடிந்து உருவம் பெறுகிறது என்பது சரியாகப் பிடிபடவில்லை. முழுப் புரதத்தோடு மல்லுக்கட்ட முடியாமல், அதன் ஒரு பகுதியைப் போன்ற பெப்டைட் என்னும் சின்னப் புரதத் துண்டைச் செய்து செயற்கைச் சவ்வில் விட்டுப் பார்த்தாள். தண்ணீரில் உருவமற்றுக் கிடந்த அந்தத் துண்டு, 1988இல் ஒரு நாள், சவ்வுக்குள் நுழைந்ததும் அழகான சுருளாக மடிந்தது.

உடனே தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிடச் சொன்னாள்.

“அண்ணே, மடிஞ்சிருச்சு. கண்ணுல இருக்கிற அதே மாதிரி.”

சந்தோஷத்தில் அதற்குமேல் விளக்க அவளுக்குத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு வீடு வந்தபோதுதான் தெரிந்தது. அண்ணனுக்குப் பேசிவைத்திருந்த திலகம், போன மாதம் செரண்டாவில் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள்.

“அவளா மாட்டேன்னா?”

“இல்லலா. கண்ணு போனாலும் உங்களத்தான் கட்டிக்குவேன்னு வந்து நின்னா. நான்தான் பொறுத்துக்கன்னேன். தங்கச்சி மருந்து கண்டுபிடிச்சிருச்சு, உன் முகத்த நல்லாப் பாத்துட்டுத்தான் தாலி கட்டுவேன்னேன். அவ அப்பாரு எத்தன நாளு பொறுப்பாரு?” சேது சிரிக்கப் பார்த்தான். “சரி, விடு. மருந்து எப்பம்மா வரும்?”

புஷ்பவள்ளி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மருந்து இல்லண்ணே. அது வெறும் துண்டு. எப்படி மடியுதுன்னு பாக்கிறோம், அவ்வளவுதான். மருந்து நம்ம காலத்துல வருமான்னே தெரியல.”

சேது அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“அப்ப அன்னிக்கு ஏம்மா அவ்வளவு சந்தோஷமாப் பேசின?”

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து லயத்து வீட்டுக்குப் பின்னால் போனான். குளியலறைத் தகரத்துக்கு அப்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நடுநடுவே அவன் அழுவதும் கேட்டது.

தை பிறந்ததும் அவளே அவனைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய்ப் பார்வையற்றோர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தாள். வாராவாரம் போய்ப் பார்த்தாள். சேது கூடப் படிப்பவர்களைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, தோட்டத்துச் சேதிகளைப் பற்றியெல்லாம் பேசினான். அவளுடைய ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று மட்டும் அதன்பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.