மேனாம்பேடு பூங்கா ரேடியோ வாசித்த பெயர்கள்

இந்தக் காலத்து ஆட்களிடம் எந்தக் கட்சி என்று கேட்டால் நேராகப் பதில் வராது, இளிப்புதான் வரும். ஓட்டுக் கேட்டு எவன் வந்தாலும் உங்களுக்குத்தான் என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். அதனாலோ என்னவோ, போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மேனாம்பேடு பூங்காவில் பாடுகிற சர்க்கார் ரேடியோ, காலைச் செய்தியில் அணை நீர்மட்டம் சொன்ன கையோடு, கேட்டுக்கொண்டிருந்த பதினேழு பேரும் மனசுக்குள் எந்தக் கட்சி என்று பெயரும் தெருவும் சேர்த்து வாசித்தது. எப்போதும் வாசிக்கிற அதே பெண் குரல்தான். எங்கும் தடுமாறவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பிடுங்கினார். மறுநாள் ஒயர் இல்லாமலே வாசித்தது, அவர் பெயரையும் சேர்த்து. காதைப் பொத்திக்கொண்டு நடந்தவர்களைப் பொத்திக்கொண்டவர்கள் என்று தனியாக வாசித்தது. ஒரு வாரத்தில் ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்பது மட்டும் மாறியது.

பூங்கா வாசலில் பார்வதம் இட்லி வண்டி போட்டிருந்தாள். புருஷன் இல்லை. மகள் தேவிப்பிரியா நர்சிங் படிப்பதே அந்த வண்டியை நம்பித்தான். வட்டத்தில் ஆளுங்கட்சியைப் பார்த்துக்கொள்ளும் டில்லிபாபுவிடம் நான் உங்க ஆளு என்பாள். எதிர்க்கட்சி ஆட்டோக்காரர் தமிழரசுவிடமும் அதையேதான் சொல்வாள். பதினொரு வருஷம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்றார்கள். ரேடியோ அவளைப் பற்றி, "பார்வதம், பூங்கா வாசல், எந்தப் பக்கமும் இல்லை" என்றது.

டில்லிபாபு பாதித் தட்டோடு நிறுத்தினார். "இன்னாக்கா, இத்தினி நாளா எங்க காதுல பூ சுத்திகினு இருந்தியா? ஒரு மாசம் டைம். ரேடியோல ஒழுங்கா வரணும். இல்ல, வண்டிய எட்த்துரு."

"மனசுல இல்லாதத எங்கருந்துப்பா கொண்டாறது?" என்றாள் பார்வதம்.

"அத்த நீதான் பாத்துக்கணும்."

தமிழரசு மட்டும் வருவதை நிறுத்தவில்லை. "வுடுக்கா. நீ எந்தப் பக்கம் இருந்தா இன்னா, சட்னி நம்ம பக்கம்தான கீது" என்று சிரித்துவிட்டுப் போவார்.

பார்வதம் கொடி நிறத்தில் புடவை எடுத்தாள். கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். ரேடியோ அசையவில்லை. அப்புறம் மாவு ஊற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக் கட்சிப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள், குழிக்கு ஒரு தரம். இருபத்தெட்டாம் நாள் அந்தக் குரல் அவளை ஆளுங்கட்சி என்று வாசித்தது. டில்லிபாபு பத்துப் பேரோடு வந்து தின்றுவிட்டு, வண்டிக்குப் புதுக் குடை கட்டிக்கொடுத்தார்.

மறுநாள் தமிழரசு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தார். "நாலு வைக்கா."

பார்வதம் இட்லிப் பானையை மூடி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டாள். "இல்ல."

"இன்னா இல்ல? ஆவி வந்துகினு கீது?"

"உனுக்கு இல்ல."

பயந்து சொல்ல அங்கே டில்லிபாபுவும் இல்லை, அவர் ஆட்களும் இல்லை. சூடான மூடியிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை. தமிழரசு போய் ஆட்டோவைக் கிளப்பினார்.

ரேடியோ மனசில் உள்ளதைத்தான் சொல்லும், பொய் சொல்லாது என்று பூங்காவில் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அது முதலில் வாசித்ததை மறந்துவிட்டு, அவள் ஆரம்பத்திலிருந்தே ஆளுங்கட்சிதான் என்கிறார்கள். பதினொரு வருஷம் பூங்கா பெஞ்சிலிருந்து அவளைப் பார்த்தவன் நான், எனக்கு அது ஒப்பவில்லை. இருக்கட்டும் என்று எழுந்து கரையான்சாவடி பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் என் பெயரையும் தெருவையும் வாசித்தது. மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.