மாடத்தி இருந்த வண்டி

காந்திமதிநாத பிள்ளை மதராஸிலிருந்து ரயிலில் வரவழைத்த மோட்டார் வண்டி, தச்சநல்லூரில் ஒரு கோடைக்காலம்கூட முழுசாக ஓடவில்லை. அதற்குள் களத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த மாடத்தியின் மேல் ஏறிவிட்டது. அவர் வயலில் வேலை பார்க்கும் முப்பிடாதிக்கு அவள் ஒரே மகள். பால்பல்கூட விழாத வயசு. பிள்ளைவாள் வண்டியைப் பின்கட்டுக் கொட்டகையில் தள்ளிப் போட்டுவிட்டார். போலீஸுக்கு அவர் பயப்படவில்லை, அதெல்லாம் அவருக்குச் சுண்டைக்காய். செத்த பிள்ளைக்குத்தான் பயந்தார்.

துள்ளத் துடிக்கப் போன உயிர், ரத்தம் பட்ட இடத்தை விட்டு நகராது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டால் தெய்வமாக நிற்கும். ஆகவே மாடத்தியின் தாய் சுடலைவடிவு வெள்ளிக்கிழமைதோறும் கொட்டகைக்கு வந்தாள். இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டில் எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, "இருக்கியா மக்கா?" என்று கேட்பாள். பிள்ளைவாள் தடுக்கவில்லை. மூன்று வருஷமாக அவள் சோறு தின்றதும் வயலில் இறங்கியதும் அந்தத் தகட்டை நம்பித்தான். முப்பிடாதிக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆவணியில் பிள்ளைவாள் மகள் ஞானம்பாளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஏரல் மாப்பிள்ளை மோட்டாரில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று பெரிய மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் பயம் ஓடிவிடும் போலிருக்கிறது. இஞ்சின் கிளம்பவில்லை. அதனாலென்ன, மாலையைப் போட்டு மாடு கட்டி இழுத்துவிடலாம், பூச்சு மட்டும் புதுசாக இருந்தால் போதும் என்றார். பாளையங்கோட்டையில் துரைமார் சாரட்டுகளுக்குச் சாயம் அடிக்கும் வேதமுத்து வந்தார். பழைய பூச்சைச் சுரண்ட ஆள் வேண்டுமே? முப்பிடாதியையே கூப்பிட்டார் பிள்ளைவாள். அந்த மனிதருக்கு அது உறைக்கவே இல்லை! மாட்டேன் என்று சொல்ல முப்பிடாதிக்கு வாய் வரவில்லை. அவன் குடிசை நின்றது அவர் மண்ணில்.

"பொட்டு வைக்க எடத்துல ஒரு கை அகலம் சொரண்டாம விட்டுரும்," என்று புருஷனிடம் சொன்னாள் சுடலைவடிவு. "மேல என்ன சாயத்த வேணும்னாலும் பூசட்டும். அவ அடியில இருந்துக்கிடுவா."

"விட்டுருதேன். அழாத."

முப்பிடாதி வேதமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையைச் சொறிந்தார். "எண்ணெ ஊறின எடத்துல சாயம் காயாதுலே. பூசித் தாரேன். பொறவு என்னயச் சொல்லக் கூடாது."

அவர் சொன்னபடியே ஆயிற்று. வண்டி முழுக்கக் கரும்பச்சை பளபளவென்று காய்ந்தது. அந்தக் கை அகலம் மட்டும் காய்ச்சின பாலில் ஆடை சுருங்கினாற்போல் சுருங்கிக் கிடந்தது. பார்க்க வந்த பிள்ளைவாள் சரியாக அங்கேயே கையை வைத்தார். பச்சை உள்ளங்கையில் அப்பிக்கொண்டது.

"ஏலே, என்ன எழவுலே இது? சொரண்டி எடு. தகரம் தெரியணும்!"

அவர் போனதும் வேதமுத்து சுரண்டியை எடுத்துக்கொண்டார். "நீ பைய வெளிய போயி நில்லு. நான் பாத்துக்கிடுதேன்."

முப்பிடாதி இரண்டடி நடந்தான். பிறகு திரும்பி வந்தான். "எம் பிள்ள மேல வேத்துக் கை பட வேண்டாம் அண்ணாச்சி. கொண்டாரும்."

பச்சை உரிந்தது. அடியில் குங்குமமும் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கோடு கட்டியாக வந்தன. அப்புறம் பழைய கறுப்பு, அப்புறம் வெறும் தகரம். "பொறுத்துக்க மக்கா, பொறுத்துக்க," என்று ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது கண்ணீரில் கை தெரியவில்லை. வேறு யாரும் இத்தனை பதமாகச் செய்திருக்க மாட்டார்கள் என்று ஒரு ஆறுதல் இருந்தது. வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஏரல்காரர்கள் காதில் யாரோ சங்கதியைப் போட்டுவிட்டார்கள். பிள்ளையைத் தின்ற வண்டியில் என் மகன் ஏறமாட்டான் என்று சம்பந்தியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளை குதிரைச் சாரட்டில் வந்தார். புதுப் பூச்சோடு மோட்டார் மறுபடி கொட்டகைக்குப் போயிற்று. அத்தனை பாடும் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை.

போன பயம் பிள்ளைவாளிடம் திரும்பி வந்தது. முப்பிடாதியைக் கூப்பிட்டு ஒரு செம்பு நிறைய எண்ணெய் கொடுத்தார். "ஏலே, ஒம் பொண்டாட்டிய எப்பவும்போல வந்து வெளக்கு வைக்கச் சொல்லு."

முப்பிடாதி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சொன்னான். சுடலைவடிவு எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கை அகலம் இருக்கா?"

"இல்ல. சொரண்டியாச்சு."

"ஆரு சொரண்டினா?"

பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நாந்தான். வேத்தாளு கை படக் கூடாதுன்னு..."

அவள் அழவில்லை, ஏசவில்லை. "வேத்தாளு சொரண்டியிருந்தா கோவத்துல அங்கனயே நின்னிருப்பா," என்றாள். "ஆரு வெரட்டினாலும் போயிருக்க மாட்டா. பெத்த அப்பன் கையே போன்னு சொன்னா, பிள்ள எப்படி நிக்கும்?"

முப்பிடாதி எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தான்.

"இப்ப எங்கன இருப்பா?" என்று கேட்டான்.

"தெரியலையே," என்றாள் சுடலைவடிவு.