நீலக் கேன்

கழிவு அமிலம் புகுந்து எங்கள் கண்மாயில் மீன் செத்து ஆறு வருடமாயிற்று. மூன்று கோடையாகச் சுண்ணாம்பு கொட்டித் தண்ணீரைத் தேற்றினோம். 2006 ஐப்பசியில் பண்ணையிலிருந்து கெண்டைக் குஞ்சுகளை வாங்கிவந்து கண்மாயில் கவிழ்த்தோம். அத்தனையும் மல்லாந்து மிதந்தன.

மீன்துறை அதிகாரி நோட்டை மூடினார். “தண்ணி இன்னும் தேறல, சண்முகத்தாயி. அடுத்த வருசம் பாப்போம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குஞ்சு கொண்டுவந்த நீலக் கேனைத் தூக்கிக் குலுக்கினேன். அடியில் தங்கியிருந்த நாலைந்து குஞ்சுகள் கரையில் விழுந்தன. அவையும் செத்திருந்தன.

“கண்மாயையே பாக்காத குஞ்சுக எப்படிச் செத்துச்சு சார்?”

அவர் கேனை முகர்ந்தார். ஆசிட் வாடை. “இது யாரு கேனு?”

அச்சாபீஸுக்கு ஆசிட் வரும் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பண்ணையில் கொடுத்த பாலிதீன் பை கிழிந்துவிடும் என்று பயந்து, குஞ்சுகளைக் கேனில் மாற்றியது நான்தான்.

“என்னுதுதான்,” என்றேன். “தப்பு எம்மேல. கண்மாய் மேல பழி போடாதீக.”

அங்கேயே அரிவாளால் கேனைப் பிளந்தேன். மறுநாள் பண்ணைக்குப் போகும் முதல் பஸ்ஸில் எவர்சில்வர் குடத்தோடு ஏறினேன். குடத்துக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்.

“இப்ப காலிக் குடம்ணே. சாயங்காலம் இதுல உசுரு இருக்கும், அப்பக் கேளுங்க.”